உபதேசியார்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் இணைப்பில் தரங்கம்பாடி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாக இருந்தது. ஒரு திருத்தம் மட்டும். ஆலயத்தின் படத்துக்குக் கீழே '1707-இல் கட்டப்பட்டது' என்று போட்டிருக்கிறீர்கள். 1707-இல் கட்டியது பழைய எருசலேம் ஆலயம். அது இன்று இல்லை. படத்தில் இருப்பது 1718 அக்டோபரில் பிரதிஷ்டை செய்த புதிய எருசலேம் ஆலயம். டென்மார்க் அரசரின் முத்திரையோடு அந்த ஆண்டும் முகப்பிலேயே இருக்கிறது. முப்பத்தைந்து வருடம் பரீட்சைத் தாள் திருத்திய கை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை, உபதேசியார்களுக்காக. குருப்பட்டம் இல்லாமலே கிராமச் சபைகளை நடத்துகிறவர்கள் அவர்கள். தரங்கம்பாடி பற்றி யார் எழுதினாலும் ஒரே வரிசைதான். 1706 ஜூலை 9-ஆம் தேதி ஜெர்மன் மிஷனரிகள் சீகன்பால்கும் புளுட்சோவும் கரையிறங்கியது, பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து சீகன்பால்கு தமிழ் எழுதப் பழகியது, ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த அச்செழுத்து, 1715-இல் அச்சிட்டு முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு, பொறையாறு காகித ஆலை. அப்புறம் டேனிஷ் கோட்டை, கடல் காற்று, வாரக்கடைசியில் எங்கே தங்கலாம். எல்லாம் கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்திலேயே முடிந்துவிடுகிறது. உள்ளே வயல்களுக்கு நடுவே ஓட்டுக் கூரையும் ஒற்றை மணியுமாக நிற்கும் சின்ன ஆலயங்கள் பக்கம் யாரும் வருவதில்லை. எங்கள் சபை அப்படி ஒன்று. நாற்பது குடும்பம் இருந்தால் அதிகம்.

சீகன்பால்கு 1719-இல் தம் 36-வது வயதிலேயே காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு கிராமங்களில் இந்தச் சபைகளை வளர்த்தது யார்? தரங்கம்பாடி எல்லையைத் தாண்டினால் அன்றைக்குத் தஞ்சை மன்னரின் சீமை. ஐரோப்பிய மிஷனரிகள் நினைத்தபோது அதற்குள் போய்வர முடியாது. போனவர்கள் நம் ஆட்கள். கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்து, 1718-இல் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனவர், உபதேசியாராக ஊர் ஊராக நடந்தார். 1733 டிசம்பர் 28 அன்று அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். இந்தியர்களில் முதல் புராட்டஸ்டண்டு குருவானவர் அவர்தான். மாயவரம் பக்கத்துக் கிராமச் சபைகள்தான் அவர் பொறுப்பு. (எங்கள் மயிலாடுதுறை மாவட்டத்தைத் தொடங்கி வைத்ததும் ஒரு டிசம்பர் 28-இல்தான், 2020-இல். மேடையில் யாருக்கும் ஆரோன் ஞாபகம் வந்திருக்காது.)

இராஜநாயக்கன் என்று இன்னொருவர். தஞ்சை மன்னரின் படையில் சிப்பாயாக இருந்தவர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷத்தைப் படித்துவிட்டுத் தாமாகவே தேடி வந்தார். நாற்பது வருடத்துக்கு மேல் உபதேசியாராக உழைத்தார், அடி வாங்கினார். ஆனால் குருப்பட்டம் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1741-இல் அது தியோகு என்ற இன்னொரு உபதேசியாருக்குப் போனது. பறையர் குலத்தில் பிறந்த இராஜநாயக்கன் கையால் திருவிருந்து (ஆராதனையில் குருவானவர் கொடுக்கும் அப்பமும் திராட்சரசமும்) வாங்க மற்ற சாதிக்காரச் சபையார் ஒப்பமாட்டார்கள் என்பதுதான் காரணம். சபை வரலாறு எழுதுகிற நம்மவர்களே இந்த இடத்தில் சட்டென்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். எனக்கு அப்படிப் புரட்ட முடியவில்லை. என் தாத்தாவும் உபதேசியார்தான், அதே குலம்தான், கடைசி வரைக்கும் உபதேசியாராகவேதான் இருந்தார்.

தாத்தாவுக்கு நான்கு ஊர். குருசேகரம் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகள்) பெரிது என்பதால் ஐயர் (குருவானவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) எங்கள் ஊருக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார், திருவிருந்து அன்றைக்குத்தான். மற்ற ஞாயிறுகளில் தாத்தாதான் ஜெபம் படிப்பார், பிரசங்கப் புத்தகத்திலிருந்து வாசிப்பார், பாட்டை எடுத்துக் கொடுப்பார். குரல் சுமார்தான். சாயங்காலம் களத்துமேட்டில் எங்களை உட்காரவைத்து லுத்தரின் சிறிய ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பார். ஒவ்வொரு கட்டளைக்கும் பிறகு 'இதற்கு அர்த்தம் என்ன?' என்று கேட்பார். பதில் சொல்லாத பிள்ளைக்குத் தலையில் ஒரு குட்டு. பின்னாளில் நான் வகுப்பில் பாதி நேரம் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று என் பழைய மாணவர்கள் இன்றைக்கும் கேலி செய்கிறார்கள். யாருக்காவது காய்ச்சல் என்றால், ஆளுக்கு மனு எழுத வேண்டும் என்றால், பெண் பார்க்கப் போக வேண்டும் என்றால், எல்லாவற்றுக்கும் உபதேசியார்தான். அறுப்பின் பண்டிகைக்கு வந்த பூசணிக்காயையும் சேவலையும் ஏலம் விடுவதும் அவர்தான். ஏலத்தில் மட்டும் அவர் குரல் நன்றாக எடுபடும்.

இதையெல்லாம் நான் சொன்னால் பாட்டி கதை. எழுத்தில் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. எங்கள் ஆலயத்தில் ஒரு தகரப் பெட்டிக்குள் ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள் இருக்கின்றன. பழையவை ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் காலத்தவை. உள்ளே எழுத்து தமிழ், கீழே கையெழுத்து ஜெர்மன். முதல் உலகப் போரில் ஜெர்மானியர்களை வெளியேற்றிய பிறகு கையெழுத்து ஸ்வீடன்காரர்களுடையதாக மாறுகிறது. 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாகிறது; அதற்கப்புறம் பக்கம் பக்கமாகத் தமிழ்ப் பெயர்கள்.

தகப்பன் தொழில் என்ற கட்டத்தில் 'பண்ணையாள், பண்ணையாள், பண்ணையாள்' என்று பக்கம் முழுக்க ஓடும். நடுவில் ஒரு பெயருக்கு நேரே 'பினாங்கு போனான்' என்று இருக்கும். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள். திரும்பி வந்ததாகக் குறிப்பு இல்லை. மலேசியாவின் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை இப்படிப் போன தமிழர்களால்தான் வேர்விட்டது என்பதை, இந்தப் பதிவேட்டைப் பார்த்த பிறகுதான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

1952 புயலில் ஒரு பதிவேடு நனைந்து கட்டியாகிவிட்டது. மற்றதை இராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்கிறது. சில வருடங்களுக்கு முன் ஓர் அலுவலகத்திலிருந்து படித்த மனிதர் ஒருவர் வந்தார், 'நகலெடுத்துவிட்டுத் தருகிறோம்' என்று இரண்டு பதிவேடுகளை எடுத்துப் போனார். இரண்டு கடிதம் எழுதினேன், மூன்று தடவை நேரில் போனேன். 'அவர் மாற்றலாகிப் போய்விட்டார்' என்பதுதான் பதில். பதிவேடுகளும் அவரோடு மாற்றலாகிப் போயின போலும்.

ஜெர்மனியில் ஹாலே நகரத்து ஃபிராங்கே அறநிலையத்தில், தரங்கம்பாடி மிஷனரிகளின் கடிதங்களும் இங்கிருந்து போன ஓலைச்சுவடிகளும் முந்நூறு வருடமாகப் பத்திரமாக இருக்கின்றன. அது நல்லதுதான், அதனால்தான் ஆரோனையும் இராஜநாயக்கனையும் பற்றி இவ்வளவாவது தெரிகிறது. ஆனால் அங்கே இருப்பது பெரும்பாலும் மிஷனரிகள் பார்த்த கிராமம். கிராமம் தன்னைப் பற்றி எழுதிவைத்தது இந்தத் தகரப் பெட்டியில் இருக்கிறது.

என் பேரன் போன மே விடுமுறையில் மிச்சமுள்ள பக்கங்களைத் தன் செல்போனில் படமெடுத்தான். பாதியிலேயே போன் நிறைந்துவிட்டது. இதைச் செய்ய பெரிய ஆராய்ச்சித் திட்டம் வேண்டாம்; பொறுமையான ஓர் ஆள், நல்ல கேமரா, இரண்டு நாள் போதும். உங்கள் வாசகர்களில் சிலருடைய சபையிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும். திறந்து பாருங்கள், படமெடுத்து வையுங்கள். மூலப் பிரதியை யார் கேட்டாலும், எழுதிக் கையெழுத்து வாங்காமல் கொடுக்காதீர்கள். நான் வாங்கவில்லை.

அடுத்த ஜூலை 9-க்கு உங்கள் நிருபரை அனுப்பினால் கோட்டையைப் பார்த்த கையோடு எங்கள் ஊருக்கும் வரச் சொல்லுங்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்க வேண்டியிருக்கும். ஐயர் வராத ஞாயிறாகப் பார்த்து வந்தால் இன்னும் நல்லது. சபையை நடத்துவது யார் என்று அன்றைக்குத்தான் தெரியும். இப்போது அந்தப் பொறுப்பில் இருப்பது ஒரு பெண், பகலில் நூறு நாள் வேலைக்குப் போகிறவள். நிருபரை அதற்கு முன்பே அனுப்ப முடியுமானால் ஐப்பசி மழைக்கு முன் அனுப்புங்கள். பெட்டி இருக்கும் மூலையில்தான் ஓடு ஒழுகுகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
தரங்கம்பாடி வட்டம், மயிலாடுதுறை மாவட்டம்.