வம்ச அட்டவணையைக் கடைசிக்கு விடாதே, மகள்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மத்தேயு முதலாம் அதிகாரத்தில் வரும் இயேசுவின் வம்ச அட்டவணை வெறும் பெயர்ப் பட்டியல்தானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று உங்கள் வேதாகம மொழிபெயர்ப்புக் குழுவில் பேச்சு வந்ததாக எழுதியிருந்தாய். அதைத்தான் முதலில் எடுங்கள் என்பேன் நான். நீ மொழியியல் படித்தவள், நான் படிக்கவில்லை. ஆனாலும் மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதில் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது.

பப்புவா நியூகினியில் 800க்கு மேல் மொழிகள். அவற்றில் உனக்கு வாய்த்தது மில்ன் பே மாகாணத்து மொழி. அங்கே பிள்ளை தாயின் குலம், காணியும் தாய்வழியே போகும் என்று ஆச்சரியப்பட்டு எழுதியிருக்கிறாய். உனக்கு இது என்ன புதினம்? நம் ஊரில் குடி என்பதே தாய்வழிக் குலம்தானே. உன் குடி என் குடி, என் குடி அம்மம்மாவின் குடி. அப்பாவின் குடியோ அவருடைய சகோதரிமாரான உன் மாமிமாரின் பிள்ளைகளுக்குப் போயிற்று. இந்த வளவும் அம்மம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தது. அப்பா கலியாணம் முடித்து இங்கேதான் வந்தார். கோயில் திருவிழாவில் உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என்று உரிமை பேசும்போது முன்னுக்கு நிற்பது ஆண்கள்தான், ஆனால் ஒவ்வொருவரும் நிற்பது தன் தாயின் குடிக்காக. அக்கரைப்பற்றில் முஸ்லிம் சனங்களுக்கும் குடி தாய்வழிதான். நாம் வேதக்காரராய், கிறிஸ்தவராய் இருந்தும், சம்பந்தம் பேச வந்தால் அம்மம்மா முதலில் கேட்பது, "என்ன குடி?"

இனி அந்த அதிகாரத்தை நீ இருக்கும் ஊரில் ஒரு கிழவியின் காதால் கேட்டுப் பார். ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான், ஈசாக்கு யாக்கோபைப் பெற்றான் என்று பெற்றவரெல்லாம் தகப்பன்மாராகவே வருகிறார்கள். இவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று அவள் கேட்காமல் விடுவாளா? அதற்குப் பயந்து தாய்வழியாகத் திருப்பி எழுதிவிடாதீர்கள். யூதர் தகப்பன்வழி எண்ணினார்கள், அது அவர்கள் வழக்கம், அப்படியே நிற்கட்டும். ஆனால் அதே பட்டியலுக்குள் தாமார் இருக்கிறாள், ராகாப், ரூத், உரியாவின் மனைவி எல்லாரும் இருக்கிறார்கள். "பெற்றான், பெற்றான்" என்று வந்த வரிசை யோசேப்பில் நின்றுவிடுகிறது. யோசேப்பு இயேசுவைப் பெற்றான் என்று மத்தேயு எழுதவில்லை, மரியாளிடத்தில் இயேசு பிறந்தார் என்றே எழுதுகிறார். தகப்பன்வழிச் சனம் அந்த இடத்தைச் சாதாரணமாக வாசித்துக் கடந்துவிடும். உன் ஊர்ச் சனம் அங்கேதான் நிமிர்ந்து உட்காரும்.

அப்புறம் வரும் கேள்வி கடினமானது: மரியாள் என்ன குடி? மத்தேயு சொல்லவில்லை. லூக்காவில் எலிசபெத்து ஆசாரியனான ஆரோனின் குமாரத்திகளில் ஒருத்தி, மரியாளுக்கு இனத்தாள். உன் ஊர்ச் சனத்தின் தாய்வழிக் கணக்கில் இயேசு ஆரோன் பக்கம் போய்விடுவார், நாமோ தாவீதின் குமாரன் என்று பாடுகிறோம். வசனத்தில் கைவைக்க வேண்டாம். யோசேப்பு பிள்ளைக்குப் பெயரிட்டுத் தன் பிள்ளையாக ஏற்றதால் யூதர் வழக்கப்படி தாவீதின் வம்சம் என்று அடிக்குறிப்பில் விளக்குங்கள். கேள்வியை மட்டும் மூடிவிடாதீர்கள். குடி கேட்கிற சனம், வந்தவரைத் தம்மில் ஒருவராக எடுக்கலாமா என்று பார்க்கிற சனம்.

பப்புவா நியூகினியின் மேட்டுநிலத்தில் பினுமாரியென் மக்களுக்கு மொழிபெயர்த்தவர்களும் இந்தப் பட்டியலைப் பிந்தியே எடுத்தார்கள். அதைக் கேட்ட பிறகுதான் சனத்துக்கு நம்பிக்கை வந்தது. ஆவிகளுக்கு யாரும் வம்சம் எண்ணுவதில்லை, மெய்யான மனிதருக்குத்தான் எண்ணுவார்கள் என்றார்களாம்.

வரைவை வாசித்துக் காட்டி, கேட்டவரையே திருப்பிச் சொல்லச் சொல்லும்போது பெண்களை முதலில் இருத்து. ஆராதனைக்கு வராத கிழவிகளையும் கூப்பிடு. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் வேதாகமத்தை மொழிபெயர்த்தபோது துணைக்கு வைத்துக்கொண்டது ஆறுமுக நாவலரை. கடைசிவரை சைவராகவே இருந்த மனிதர் அவர், தமிழை அவரைப்போல் அறிந்தவர் அங்கே யார்? குலக்கணக்கு அறிந்தவர்கள் உன் ஊர்க் கிழவிகள்.

மரியாளின் குடியைப் பற்றி அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதைக் கேட்ட மாதிரியே எழுதி அனுப்பு. அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவவுக்கு அதில் சொல்ல ஏதாவது இருக்கும், அதையும் உனக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா