வட்டத்தின் வாய்

ரங்கூன்

அன்பு மகள் மீனாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ ஏஐ மெஷினில் வரையவைத்துப் போனில் அனுப்பிய ரங்கூன் தெருப் படத்தை உன் அம்மாவிடமும் காட்டினேன், ரொம்ப அழகாக இருக்கிறது என்றாள். வகுப்பில் "என் அப்பாவின் ஊர்" என்று சொல்லிப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டினேன் என்றாயே, அதுதான் ராத்திரி கரண்ட் போன நேரத்தில் தூங்கவிடாமல் அரித்தது.

படத்தில் உள்ள கடை போர்டுகளைப் பெரிதாக்கிப் பார். 40 வருஷம் போர்டு எழுதியவன் கண்ணுக்கு முதலில் தெரிவது அதுதான். பர்மிய எழுத்து வட்டம்தான், ஆனால் வட்டத்தின் வாய் மேலே திறந்தால் 'ப', கீழே திறந்தால் 'க', மூடியே இருந்தால் 'வ'. அந்த மெஷின் வட்டத்தைப் பிடித்துக்கொண்டது, வாயை விட்டுவிட்டது. ஒரு போர்டைக்கூட வாசிக்க முடியவில்லை. சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு அது எப்படித் தெரியும்? டீச்சர் காட்டினால் அவர்களுக்கு அதுதான் ரங்கூன்.

தெரியாமல் ஏமாறுவது பிள்ளைகள் மட்டுமில்லை. 2023-ல் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மன்காரர் சோனி உலகப் புகைப்படப் போட்டியில் தம் பிரிவில் ஜெயித்துவிட்டு, இது ஏஐ படம், பரிசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நடுவர்களுக்கே அந்த நிலை.

மெஷினைப் பழக்கிய கதையை நீதான் சொன்னாய். லயான்-5பி என்ற ஒரே தொகுப்பில் 585 கோடி படங்களின் இணைப்புகள், அதில் ஒரு பகுதியை வைத்துத்தான் ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற படம் வரையும் மெஷினைப் பழக்கினார்கள், வரைந்தவர்களை யாரும் கேட்கவில்லை. சரி, நானும் யாரையும் கேட்காமல்தான் காலண்டர் முருகனைப் பார்த்து வரைந்து பழகினேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த முருகனுக்குக் கீழே என் பெயரை எழுதிய அன்று எங்கள் வாத்தியார் பிரஷ் காம்பாலேயே விரல் முட்டியில் போட்டார். "கை உன்னுது, படம் உன்னுதாடா?" (வலி இன்னும் ஞாபகம் இருக்கிறது, நியாயம் பின்னால்தான் புரிந்தது.)

மெஷின் படத்தைத் தன் படம் என்று கொண்டுவந்த அந்தப் பையனுக்குப் பூஜ்யம் போடட்டுமா என்று கேட்டாய். நீயே சொல்லாமல் காட்டிவிட்டு அவனுக்கு மட்டும் எப்படிப் போடுவாய்? முதலில் வகுப்பில் நீ ஒப்புக்கொள், அது மெஷின் படம், அப்பா பார்த்தார், எழுத்தெல்லாம் பொய் என்று. அப்புறம் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, என்ன எழுதிக் கேட்டான், எத்தனை தடவை கேட்டான், வந்ததில் எது அவனுக்குப் பிடிக்கவில்லை என்று விசாரி, அதையே பென்சிலில் வரையச் சொல். பிடிக்காத இடம் ஒன்றாவது சொன்னான் என்றால் பையன் படத்தைப் பார்த்திருக்கிறான் என்று அர்த்தம்.

காளி கோயில் பக்கம் நான் எழுதிய டீக்கடை போர்டு 2 இன்னும் தொங்குகின்றன, மற்றதெல்லாம் பிளெக்ஸ் ஆகிவிட்டது. வெளிச்சம் இருக்கும்போது போய்ப் படம் எடுத்து அனுப்புகிறேன். ஒன்றில் 'வ' கொஞ்சம் கோணல், அன்று எனக்குக் காய்ச்சல். அதையும் பிள்ளைகளிடம் காட்டு.

அப்பா