ஆண்டறிக்கை 2025–26: பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தளித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இதன் நகல் தபாலில் போகும்.

சுதந்திர தினக் கொடியேற்றம், ஊரணித் துப்புரவு, பொங்கல் கோலப்போட்டி ஆகியவை வழக்கம்போல் நடந்தேறின.

2025 ஆகஸ்ட் 7 அன்று வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் நூற்றாண்டு விழா நடத்தினோம். கும்பகோணத்தில் பிறந்தவருக்குக் காரைக்குடிப் பக்கத்தில் எதற்கு விழா என்று செயற்குழுவில் ஒருவர் கேட்டார். 1960களின் நடுவில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக் கிடந்த நாடு இது. மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமையை வரவழைக்க முன்னின்று, உழவர் வயலிலேயே விளைத்துக் காட்டியவர் சுவாமிநாதன். 1966இல் 18,000 டன் விதையை இறக்குமதி செய்யத் துணிந்த அமைச்சர் சி.சுப்பிரமணியமும் தமிழர்தான். நெல்லில் அதே ஆண்டு ஐ.ஆர்.8 என்ற குட்டை ரகத்தை வெளியிட்ட பிலிப்பைன்ஸ் ஆய்வு நிறுவனத்துக்குப் பின்னாளில் சுவாமிநாதன் தலைமை இயக்குநராகவும் இருந்தார். 1987இல் முதல் உலக உணவுப் பரிசு பெற்றார். பாரத ரத்னா 2024இல், மறைவுக்குப் பிறகே வந்தது.

குட்டை ரகம் எதற்கு என்று விளங்குவதற்காக, மொட்டை மாடியில் இரண்டு தொட்டிகளில் நானே நெல் வளர்த்து மேடைக்குக் கொண்டுவந்தேன். இரண்டுக்கும் ஒரே அளவு உரம். நாட்டு நெட்டை ரகம் பாரம் தாங்காமல் விளிம்பில் மடங்கி, கதிர் மேசை விரிப்பில் புரண்டது. குட்டை ரகம் அசையவில்லை. இதைப் பார்த்தவர்கள் பதினொரு பேர். வியாழக்கிழமை என்பதால் வர இயலவில்லை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களின் வருகைப் பதிவேடும் என்னிடம்தான் இருக்கிறது. கவுனி அரிசி பரிமாறிய பந்தியில் மட்டும் இலை போதவில்லை.

‘ரசாயன உரத்தைக் கொண்டுவந்தவருக்கு மாலையா?’ என்று நமது வாட்ஸ்அப் குழுவில் கேட்கப்பட்டது. மண்வளத்தையும் நிலத்தடி நீரையும் பாராமல் லாபத்துக்காக மட்டும் சாகுபடி செய்தால் கேடு விளையும் என்று 1968 ஜனவரியிலேயே, வாரணாசி அறிவியல் மாநாட்டில், எச்சரித்தவரும் அவரேதான். விழாவுக்கு வந்திருந்தால் இதைக் காதால் கேட்டிருக்கலாம்.

வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். விவரம் பொருளாளரிடம் உள்ளது. பற்றாக்குறைத் தொகையைச் செயலாளர் தன் கைப்பொறுப்பில் கொடுத்திருக்கிறார். அதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை. சந்தா பாக்கி வைத்திருப்போர் உறுப்பினர்களில் பாதிக்கும் மேல். பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

வளவைக் கட்டணமின்றித் தந்த ஆச்சிக்கும், நாற்காலி, ஒலிபெருக்கி தந்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் கண்மாய்ப் பாசன விவசாயிகளைக் கொண்டு விதைநெல் கண்காட்சி நடத்த எண்ணம். அவர்கள் சம்மதித்துவிட்டார்கள், சங்கம்தான் பாக்கி. பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைக்க நான் எப்போதும் தயார். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன். ஒருவரும் கை தூக்கவில்லை. இம்முறை முன்வருபவர் சந்தா கட்டியவராக இருப்பது நல்லது. ரசீதுப் புத்தகம் மாலை ஆறு மணிக்கு மேல் என் வீட்டு முகப்பில் இருக்கும்.