சின்னப் படகுலதான் போனேன், நல்லாத்தான் இருக்கேன்

எய்யா,

பெரிய கப்பல் டிக்கெட் வேண்டாம்னு நான் சொன்னதுல உனக்கு வருத்தம்னு சித்திகிட்ட சொல்லிருக்க, அவ வாயில எது நிக்கும், அன்னைக்கு சாயங்காலமே எனக்கு போன் போட்டுட்டா. அதான் எழுதுதேன். சிங்கப்பூர்லேர்ந்து கிளம்புத அந்தக் கப்பல்ல லிஃப்ட் இருக்கு, ஸ்விம்மிங் பூல் இருக்கு, டாக்டர் இருக்காரு, அம்மாவுக்கு அதுதான் பாதுகாப்புன்னு நீ நினைச்சது எனக்குப் புரியுது. ஆனா அதுல போயி கடலை எங்கேர்ந்து பாக்க, பத்தாவது மாடி ஜன்னல்லேர்ந்தா? தூத்துக்குடி பீச் ரோட்டுல நின்னா இதைவிட கிட்டத்துல தெரியும், பஸ் டிக்கெட் கூட வேண்டாம்.

உங்க தாத்தா தோணித் தண்டலா, அதான் தோணிக்குக் கேப்டனா இருந்தாருன்னு உனக்குத் தெரியும், ஆனா நீ பாத்ததெல்லாம் முழங்கால் வலியோட கட்டில்ல கிடந்த தாத்தாவத்தான். வெங்காயம் மிளகா ஏத்திட்டு கொழும்புக்குப் போவாரு, மாலத்தீவுக்கும் போயிருக்காரு, பாயும் காத்தும்தான், வாடை அடிச்சா ஒரு கணக்கு, கச்சான் அடிச்சா ஒரு கணக்கு. உன் பெரிய மாமா அரைக்கால் டவுசர் போட்ட வயசுலயே தோணியில ஏறிட்டான். நானும் சித்தியும் ஒரு நாள் கூட அதுல கால் வச்சதில்ல. பொம்பளப் பிள்ளை ஏறக்கூடாது, அவ்வளவுதான், ஏன்னு கேட்டா ஆச்சிகிட்ட அடிதான் கிடைக்கும். அதனால சித்தி மக லேப்டாப்ல இந்தோனேசியாவுல இப்படி மரக்கப்பல்ல தீவு தீவா கூட்டிட்டுப் போறாங்க பெரியம்மான்னு காட்டுனப்ப நான் விலை கூட கேக்கல, எப்போன்னுதான் கேட்டேன்.

பாலில இறங்குனதும் விசாவுக்கு ஐந்து லட்சம் கேட்டாங்க, சித்திக்கு மூச்சே நின்னு போச்சு. அவங்க ரூபாய்ல அஞ்சு லட்சம், நம்ம காசுக்கு மூவாயிரத்துக்குள்ளதான் வருது, ஆனா அங்க இருந்த வரைக்கும் டீ குடிச்சாலும் ஆயிரக்கணக்குல பேசிப் பேசி எனக்கு ஒரு ஜமீன்தாரிணி நினைப்பு வந்துட்டு. பாலிலேர்ந்து இன்னொரு சின்ன பிளைட், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல, புளோரஸ்னு ஒரு தீவு, அதோட மேற்கு ஓரத்துல லபுவான் பாஜோன்னு ஊரு. மேட்டுல காபி கடைங்க, கீழ முழுக்க படகு, மீன் வாசம். பாலில வாங்குன செண்ட் பாட்டில் எல்லாத்தையும் விட அந்த வாசம்தான் எனக்குப் பிடிச்சது, சித்தி மூக்க மூடிக்கிட்டா, எந்த வீட்டுல பொறந்தான்னு மறந்துட்டா போல.

எங்க படகை அங்க பினிசிங்காங்க. ரெண்டு பாய்மரம், ஏழு பாய். சுலவேசித் தீவோட தெக்குப் பக்கம் பிரா, தானா பெருன்னு கடற்கரை ஊர்ங்க இருக்கு, அங்க கோன்ஜோன்னு ஒரு சனம், அவங்கதான் இதைக் கட்டுற ஓடாவிங்க. பிளான் கிடையாது, பேப்பர் கிடையாது, எல்லாம் மனக்கணக்கு. நம்ம ஊர்ல பெரும்பாலும் முதல்ல விலா நிறுத்திட்டு அப்புறம் பலகை அடிப்பாங்கன்னு நினைக்கோம்ல, இவங்க முதல்ல பலகையப் பலகையோட மர ஆணியால சேத்து வெளிக்கூடு எழுப்பிட்டு அதுக்கப்புறந்தான் உள்ளுக்குள்ள விலாவ வைக்காங்க. இடுக்குல மரப்பட்டைய திணிச்சு கலப்பத்து போடுதாங்க. 2017-ல யுனெஸ்கோ இந்தக் கட்டுமானத்தையே பண்பாட்டு மரபுன்னு பட்டியல்ல சேத்துட்டு. தூத்துக்குடி பழைய துறைமுகத்துல தோணி கட்டுன கிழவங்கள அப்படி எவன் சேத்தான், கேட்டா வருத்தம்தான், விடு.

ஒண்ணு சொல்லிடுதேன், நெட்டுல படத்தைப் பாத்துட்டு பாய்ல காத்து நிறைஞ்சு போகும்னு நினைச்சுராத. 1970-கள்லயே அந்தப் பக்கத்து மரக்கப்பல்ங்களுக்கு இன்ஜின் வர ஆரம்பிச்சுட்டு, இப்போ எல்லாம் டீசல்தான். பாயை போட்டோவுக்கு விரிக்காங்க. ஒரு மத்தியானம் மட்டும் நல்ல காத்து வந்துட்டு, கேப்டன் இன்ஜினை அணைச்சுட்டு ரெண்டு பாய் ஏத்துனாரு, அந்தச் சத்தம் போன உடனே மரம் முனகுறதும் கயிறு இழுபடுறதும் அணியத்துல, அதான் படகோட முன்பக்கத்துல, தண்ணி கிழியுறதும் தனித்தனியா கேட்டுச்சு. சித்தி கூட வாந்தி எடுக்கறத நிறுத்திட்டு எந்திரிச்சு உக்காந்தா. அவ்வளவு நேரம்தான், வளைவு வந்ததும் திரும்ப டக் டக் டக்குனு இன்ஜின்.

கேப்டனுக்கு அம்பது வயசு இருக்கும், பூகிஸ்காரர், அதுவும் சுலவேசிச் சனந்தான், என்னைய 'இபு'ன்னு கூப்பிடுவாரு, நம்ம அம்மாதான். இங்கிலீஷ் அவருக்கும் சொற்பம் எனக்கும் சொற்பம். காலையில நாலரைக்கே எனக்கு முழிப்பு வந்துரும்ல, போயி சுக்கான் கிட்ட உக்காந்துக்கிடுவேன், அவர் காபி குடுப்பாரு. ஜிபிஎஸ் ஸ்க்ரீன் ஒண்ணு பளபளன்னு இருந்துச்சு, அதை அவரு பாத்ததே கம்மி, தண்ணியத்தான் பாத்துட்டு இருப்பாரு. அந்தக் கடல் லேசுப்பட்டது இல்ல எய்யா. பசிபிக் கடல் தண்ணி இந்தியப் பெருங்கடலுக்கு இந்தத் தீவுகளோட சந்து வழியாத்தான் பாயுது, அதோட வத்தம் ஏத்தமும் சேந்துக்கிடும், கொமோடோ தீவுக்கும் ரிஞ்சா தீவுக்கும் நடுவுல லிந்தா ஜலசந்தின்னு இருக்கு, அங்க கடல் நடுவுல தண்ணி சுழிச்சு சுழிச்சு கொதிக்கும், பத்தடி தள்ளி எண்ணெய் ஊத்துன கணக்கா சலனமே இல்லாம கிடக்கும். நேரம் பாத்துத்தான் கடக்கணும். ஒரு இடத்துல சும்மா நங்கூரம் போட்டு நிறுத்திட்டாரு, எங்க கூட வந்த ஜெர்மன்காரப் பையன் என்னத்துக்கு நிக்கோம், ப்ரோகிராம்ல லேட்டாகுதேன்னு குதிக்கான். நான் தண்ணிய காட்டி, கையைத் திருப்பி சைகை பண்ணிக் கேட்டேன், நீர்வாடு, அதான் நீரோட்டம், திரும்பணுமான்னு. கேப்டன் சிரிச்சுட்டு ஆமான்னு தலையாட்டுனாரு. எனக்கு இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா? யாரும் இல்ல. தாத்தா மாமாவுக்கு சொல்லிக் குடுக்கும்போது நான் அந்தப் பக்கம் வெங்காயம் உரிச்சுட்டு இருந்தேன், அவ்வளவுதான்.

இப்போ நீ கேக்கப்போறது, உடும்பு, அந்தக் கொமோடோ டிராகன்தான். கொமோடோ, ரிஞ்சா, இன்னும் ரெண்டு குட்டித்தீவு, புளோரஸ்ல கொஞ்ச இடம், இதைத் தவிர உலகத்துல காட்டுல எங்கேயும் கிடையாது. அங்கத்து சனம் அதை 'ஓரா'ங்காங்க. வெளிய உள்ளவங்க 1912-லதான் பேர் வச்சு எழுதியிருக்காங்க, 1980-ல தேசியப் பூங்கா ஆக்கிட்டாங்க, 1991-ல யுனெஸ்கோ பட்டியல்லயும் வந்துட்டு. பெருசு பத்தடி வரைக்கும் வளரும். ரேஞ்சர் கையில கவட்டைக் கம்பு ஒண்ணு மட்டுந்தான், துப்பாக்கி இல்ல. சமையல் கொட்டகை கிட்ட ஒண்ணு படுத்துக் கிடந்துச்சு, நான் ஏதோ மரக்கட்டைன்னு நினைச்சேன், நாக்கை நீட்டுன பொறவுதான் தெரிஞ்சுது. நாக்குலதான் வாசம் பிடிக்குமாம். அது கடிச்சா வாயில உள்ள அழுக்குலதான் மான் சாகும்னு ரொம்ப வருஷமா சொல்லிட்டு இருந்தாங்க, 2009-ல பாத்தா தாடையில விஷச் சுரப்பியே இருக்கு. முட்டைய விட்டு வெளிய வந்த குட்டி நேரா ஓடி மரத்துல ஏறிக்கிடும், கீழ நின்னா பெருசுங்க தின்னுரும், அதுல பெத்தவளும் உண்டு. ரேஞ்சர் இதைச் சொன்ன உடனே சித்தி என்னையப் பாத்து, உம்மவன் ஆஸ்திரேலியாவுக்கு ஏறுனதும் இதுக்குத்தானோன்னு கேட்டா. சிரிச்சு முடியல.

கொமோடோ தீவுல கிராமமே இருக்கு, தூண் மேல கட்டுன மரவீடுங்க, முன்னாடி வலை பின்னுத ஆம்பளைங்க, மர உடும்பு செதுக்கி விக்கிற பசங்க. அவங்க கதையில ஒரு அம்மாவுக்கு ரெட்டைப் பிள்ளை, ஒண்ணு மனுசன், ஒண்ணு ஓரா, அதனால உடும்பு இவங்களுக்கு உடன்பொறப்பு. 2019-ல சுற்றுலாவ மாத்தப்போறோம்னு இந்தச் சனத்தையே தீவை விட்டு வெளிய அனுப்ப ஒரு பேச்சு வந்து, எதிர்ப்பு கிளம்பி, கைவிட்டுட்டாங்களாம். எனக்கு இதைக் கேட்டதும் நம்ம மன்னார் வளைகுடா தீவுதான் ஞாபகம் வந்துச்சு, தாத்தா காலத்துல வான் தீவு, காரைச்சல்லின்னு வலை காயப்போட இறங்கிருவாங்க, 1986-ல தேசியப் பூங்கா ஆனதும் யாரும் கால் வைக்கக்கூடாதுன்னுட்டாங்க. பவளப்பாறைய சுண்ணாம்புக்கு வெட்டி எடுத்து விலாங்குசல்லித் தீவு தண்ணிக்குள்ள போனதையும் பாத்தவங்க நாம, அதனால தடை தப்புன்னும் சொல்ல மாட்டேன். ஆனா அங்கயே பொறந்தவங்க கிட்ட கேக்காம முடிவு எடுக்குறது எந்த ஊர்லயும் ஒண்ணுதான் போல.

பாடார் தீவு மலையில ஏறுனேன், உச்சி வரைக்கும் இல்ல, முக்கால்வாசி. அங்கேர்ந்து மூணு வளைகுடா தெரியும், ஒவ்வொண்ணுலயும் மணல் ஒவ்வொரு நிறம். போட்டோ உன் வாட்ஸப்ல இருக்கு. ரோஸ் நிற மணல் உள்ள பீச் உண்மைதான், செவப்பு ஓடு உள்ள சின்ன கடல் உயிருங்க தூளாகி வெள்ளை மணலோட கலந்து அப்படி ஆகுதாம், ஆனா நெட்டுல காட்டுற அளவுக்கு ரோஸ் இல்ல, ஈரத்துல மட்டுந்தான் நல்லாத் தெரியும். எனக்குப் பெருசா ஒண்ணும் இல்ல.

திருக்கைதான் எய்யா. மாண்டான்னு பேரு. சின்ன போட்டுல லைஃப் ஜாக்கெட்டோட என்னைய இறக்கி, ஏணியப் பிடிச்சுட்டு முகத்த மட்டும் தண்ணிக்குள்ள வைங்கன்னு சொன்னாங்க. வச்சேன். கீழ ஒண்ணு வருது, நம்ம வீட்டு ஹால் அகலம் இருக்கும், செறகு ரெண்டும் ஈரச்சேலைய தண்ணிக்குள்ள அலசுத மாதிரி மேலயும் கீழயும் போகுது, வாயத் தொறந்துட்டு நீரோட்டத்துக்கு எதிரா ஒரே எடத்துல நிக்கி. அது தின்கறது கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான், அதை வாயில கொண்டு வந்து கொட்டுறது அந்தப் பொல்லாத நீர்வாடு. தாத்தா வீட்டுல கடலைப் பத்திப் பேசவே மாட்டாரு, இதெல்லாம் பாத்திருப்பாருல்ல. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் எங்ககிட்ட. மூக்குல தண்ணி ஏறி இருமுனேன், வேற ஒண்ணும் இல்ல, பயப்படாத.

கடைசி ராத்திரி களோங்னு ஒரு சதுப்புத்தீவு கிட்ட நிறுத்துனாங்க, பொழுது சாயவும் பழந்தின்னி வவ்வால் ஆயிரக்கணக்குல கிளம்பிப் போச்சு. அது முடிஞ்சு சாப்பிடும்போது, சுட்ட மீனும் சோறும் சம்பாலும், சம்பால்ல அவங்க போடுத இறால் பசை நம்ம கருவாடு தோத்துரும், அப்போதான் கேப்டன் கைடை வச்சு ஒரு விஷயம் சொன்னாரு. பினிசிக்கு ஏரா, அதான் அடிமரம், வைக்கும்போது அந்த மரத்தோட முன் நுனியில ஒரு துண்டும் பின் நுனியில ஒரு துண்டும் அறுப்பாங்களாம். முன் துண்டைக் கடல்ல போட்டுருவாங்க, அது பிழைக்கப் போற புருஷன். பின் துண்டைக் கரையில வீட்டுல பத்திரமா வைப்பாங்க, அது காத்திருக்கிற பொண்டாட்டி. எல்லாரும் ஆஹான்னாங்க. நான் ஆச்சிய நினைச்சேன், வானொலியில புயல் எச்சரிக்கை வந்தா அடுப்பைப் பத்த வைக்காம வாசல்ல உக்காந்திருப்பா. அந்தப் பின்துண்டை எப்பவாவது கடல்ல போடுவாங்களான்னு கேளுங்கன்னு கைடு கிட்ட சொன்னேன். அவரு கேட்டாரா இல்லையா தெரியல, கேப்டன் என்னையப் பாத்து, இபு இப்போ எங்க உக்காந்திருக்கீங்கன்னாரு.

குறையும் இருக்கு, மறைக்கல. கேபின் டீசல் நாத்தம், நாங்க மேல்தட்டுலதான் படுத்தோம். பாத்ரூம் பம்ப் பாதி நேரம் வேலை செய்யல. லைஃப் ஜாக்கெட் எங்கன்னு முதல் நாள் நான் கேட்ட பொறகுதான் எடுத்துக் காட்டுனாங்க, அது சரியில்ல, ஏறுன உடனே காட்டணும். ரேடியோ வேலை செய்யுதான்னும் போட்டுப் பாக்கச் சொன்னேன், தண்டல் மகதானே.

அடுத்த வருஷம் திரும்பப் போறேன், இந்த வாட்டி பிராவுக்கு, கப்பல் கட்டுறதப் பாக்கணும், அப்படியே ஒரு படகுப் பயணமும். உன் பணத்துலதான், அந்தப் பெரிய கப்பல் காசை இதுக்கு அனுப்பு. நீயும் பாப்பாவும் மருமகளும் வந்தா இன்னும் நல்லது, ஆஸ்திரேலியாவுலேர்ந்து பாலி கிட்டத்தானே. டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் மழை, கடலும் சரியில்ல, ஸ்கூல் லீவுன்னு ஜனவரில டிக்கெட் போட்டுராத, ஏப்ரல் மே இல்லன்னா செப்டம்பர் பாரு. பாப்பா அளவுக்கு லைஃப் ஜாக்கெட் அங்கேயே வாங்கி எடுத்துட்டு வா, படகுல எல்லாம் பெரியவங்க சைஸ்தான். அவ எங்கன வேணா ஏறலாம், அணியத்துல கூட உக்காரட்டும், நான் பிடிச்சுக்கிடுதேன்.

லீவு என்னைக்குன்னு எழுதிப் போடு. போன்ல வேண்டாம், போன்ல நீ ம் ம்னுதான் சொல்லுத.

அம்மா