இரண்டு நாள் பயிலரங்கோடு நிறுத்திவிடாதீர்கள்

வேலைவாய்ப்பு உதவித் திட்டங்களை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். உங்கள் ஊழியர்களுக்கு மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் பயிற்சி கொடுக்கப்போகிறீர்கள் என்று தெரிந்ததும் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். பெயரைக் கேட்டு, வேலை நேர்காணலுக்கு ஆளைத் தயார்செய்வது என்று சிலர் நினைக்கிறார்கள். இது அதுவல்ல. மாறுவதற்கான காரணத்தை எதிரே இருப்பவர் வாயாலேயே வரவைக்கும் பேச்சு இது.

நானும் உங்கள் ஊழியர்களின் நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். "இனிமே என்னை யாருங்க வேலைக்கு எடுப்பாங்க?" என்று ஒருவர் கேட்டால், அவர் முடிப்பதற்குள் "அப்படியெல்லாம் சொல்லக் கூடாது, இந்த மூணு இடத்துக்கும் விண்ணப்பம் போடுங்க" என்று ஆரம்பித்துவிடுவேன், நல்ல எண்ணத்தில்தான். அவர் தலையாட்டிவிட்டுப் போவார், அப்புறம் வரவே மாட்டார். நாம் ஒரு பக்கம் வாதாடினால் மனம் இரண்டாகக் கிடக்கும் மனிதர் மறுபக்கத்துக்காக வாதாடத்தான் செய்வார். குடிப்பழக்கச் சிகிச்சையில் இதைக் கவனித்துத்தான் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் இந்த முறையை முன்வைத்தார்.

வேலைக்குப் போவது எவ்வளவு முக்கியம் என்று 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்கிறோம், அவர் 4 என்கிறார். "ஏன் 8 இல்லை?" என்றால் தடைகளை அடுக்குவார். "ஏன் 1 இல்லாம 4 சொன்னீங்க?" என்றால் பிள்ளைகளைப் பற்றியோ, வீட்டிலேயே அடைந்து கிடக்கும் சலிப்பைப் பற்றியோ தானாகப் பேசுவார். கேள்வியைப் படித்துக்கொள்ள ஐந்து நிமிடம் போதும், பதில் வந்த பிறகு அறிவுரை சொல்லாமல் அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லிக் காத்திருக்கப் பழக மாதக்கணக்காகும்.

அதனால்தான் பயிலரங்கு மட்டும் போதாது என்கிறேன். மில்லரும் சக ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்விலும், பயிலரங்குக்குப் பிறகு பின்னூட்டமோ பயிற்றுநரின் துணையோ கிடைத்தவர்கள் கூடுதல் தேர்ச்சி பெற்றார்கள். வருபவரின் சம்மதத்தோடு 20 நிமிடப் பேச்சைப் பதிவுசெய்து, எத்தனை கேள்வி கேட்டோம், எத்தனை முறை அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னோம் என்று பயிற்றுநரோடு உட்கார்ந்து எண்ணிப்பார்க்க ஊழியருக்கு நேரம் ஒதுக்குங்கள். அந்தப் பதிவை வைத்து அவரது சம்பள உயர்வை மட்டும் முடிவுசெய்யாதீர்கள், அப்படிச் செய்தால் யாருமே தடுமாறிய பேச்சைக் கொண்டுவர மாட்டார்கள்.

இன்னொன்று. வரத் தவறினால் உதவித்தொகையை நிறுத்தப் பரிந்துரைப்பதும் அதே ஊழியரின் வேலை என்றால், அவரிடம் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்? பயிற்சி தொடங்குவதற்கு முன்பே அந்தப் பொறுப்பை வேறொருவரிடம் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் வேலைவாய்ப்பு உதவி ஊழியர் ஒருவர்