இருமலை விடு, ஹஃப் பழகு

அன்புள்ள செல்வத்துக்கு,

அக்காவுக்குப் பிராங்கியெக்டாசிஸ் (மூச்சுக்குழாய்கள் விரிந்து சளி தேங்கும் நுரையீரல் நோய்), சளியை எப்படி வெளியேற்றுவது என்று கேட்டிருந்தாய்.

இந்த நோயில் விரிந்துபோன மூச்சுக்குழாய் பழையபடி ஆகாது. ஆனால் அதில் சளி தேங்க விடாமல் பார்த்துக்கொண்டால் கிருமித் தொற்றைக் குறைக்கலாம். அக்கா இருமி இருமியே களைத்துப்போகிறார் என்று எழுதியிருந்தாய். அடித்து இருமினால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, தளர்ந்த குழாய்கள் அமுங்கிவிடும். சளி அதற்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும். அதனால்தான் ஹஃப், அதாவது தொண்டையைத் திறந்து ஊதிச் சளியை மேலே நகர்த்தும் முறையை, பழகச் சொல்கிறார்கள்.

முதுகு நிமிர்ந்து உட்காரட்டும். தோளைத் தளர்த்தி, வயிறு எழும்பி இறங்கும்படி அரை நிமிடம் சாதாரண மூச்சு. பிறகு 3 அல்லது 4 ஆழ்ந்த மூச்சு. ஒவ்வொன்றையும் 3 விநாடி நிறுத்தி, அழுத்தாமல் வெளியே விட வேண்டும். அந்த 3 விநாடியில்தான் பக்கவாட்டு வழிகளாகக் காற்று சளிக்குப் பின்புறம் போய்ச் சேர்கிறது. மறுபடி சாதாரண மூச்சு. அப்புறம் ஹஃப்: நடுத்தர அளவு மூச்சு இழுத்து, வாயையும் தொண்டையையும் திறந்தபடி, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் நீளமாக ஊதுவது. இது ஆழத்திலுள்ள சளியை மேலே நகர்த்தும். சளி மேலே வந்து கரகரத்தால் முழு மூச்சு இழுத்து, சட்டென்று குறுகிய ஹஃப் ஒன்று. தேவைப்பட்டால் ஒரு இருமல். ஒன்றிரண்டு ஹஃபுக்கு மேல் தொடர்ந்து வேண்டாம், உடனே சாதாரண மூச்சுக்குத் திரும்ப வேண்டும். பலர் இந்த இடைவெளியைத் தாண்டிவிடுகிறார்கள். விசில் சத்தமும் இறுக்கமும் அதனால்தான் வரும். இந்தச் சுற்றையே திரும்பத் திரும்ப, மொத்தம் 10 முதல் 20 நிமிடம். இரண்டு சுற்று ஹஃபில் சளி வராவிட்டால் அத்துடன் போதும்.

வாயில் வைத்து ஊதும் அதிர்வுக் கருவி கேட்டிருந்தாய். வாங்கலாம், ஆனால் ஹஃப் இல்லாமல் வெறும் கருவி பாதி வேலைதான். உள்ளே உருண்டை உள்ள ஃப்ளட்டர் என்ற கருவி, சாய்க்கும் கோணத்தைப் பொறுத்தே அதிரும். அகபெல்லா என்ற இன்னொரு வகைக்கு அந்தத் தொல்லை இல்லை, படுத்துக்கொண்டும் ஊதலாம். கன்னம் உப்பினால் அதிர்வு நெஞ்சுக்குப் போகாது. தினமும் பிரித்துச் சோப்புத் தண்ணீரில் கழுவி முழுக்க உலர்த்த வேண்டும். ஈரத்தோடு மூடி வைத்தால் கிருமி வளரும்.

வரிசை மாறக் கூடாது: முதலில் மூச்சுக்குழாய் விரிக்கும் இன்ஹேலர், பிறகு உப்புநீர் நெபுலைசர் (திரவத்தை நுண்துளிகளாக்கி மூச்சில் இழுக்க வைக்கும் கருவி), அடுத்து இந்தப் பயிற்சி. ஆன்டிபயாட்டிக் நெபுலைசர் இருந்தால் அது கடைசியில், சளி போன பிறகு. சாப்பிட்டவுடன் எதுவும் வேண்டாம். நெஞ்செரிச்சல் உள்ளவர் என்பதால் சளி வடியத் தலையைத் தாழ்த்திப் படுக்கும் முறையை விட்டுவிடலாம்.

சளியில் புது ரத்தம் வந்தாலோ, திடீரென ஒரு பக்கம் நெஞ்சு வலித்து மூச்சு திணறினாலோ கருவியையும் பயிற்சியையும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உப்புநீர் 3 சதவீதமா 7 சதவீதமா என்று மருந்துச் சீட்டைப் பார்த்து எழுது. அடர்த்தி கூடியது சிலருக்குக் குழாயை இறுக்கிவிடும். முதல் முறை மருத்துவமனையில் வைத்துக் கொடுத்துப் பார்த்தார்களா என்றும் அக்காவிடம் கேள்.

அன்புடன்,
ராமு