ஐஸ் ஆலை நின்றிருக்கும் நாட்களில்

மண்டபம்,
ஜூன் 5.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு அனைவரும் நலம். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் விசாரிப்பைச் சொல். தொண்டி அத்தையின் பத்திரம் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. இனிப் பெரியகாக்கா உன்னைக் குறை சொல்ல வேறு காரணம்தான் தேட வேண்டும். சென்ற கடிதத்தின் கடைசியில், "வீட்டில் இப்போது என்ன கேட்கிறாய், இன்னும் ஹனீபாதானா?" என்று கேட்டிருந்தாய். அதற்கு ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை.

எங்கள் வீட்டுப் பின்சுவரும் ஐஸ் ஆலையின் சுவரும் எவ்வளவு நெருக்கம் என்பது உனக்குத் தெரியும். ஆண்டில் பத்து மாதம் அமோனியா கம்ப்ரசர் இரவும் பகலும் ஓடுகிறது. விடியும் முன்பே ஐஸ் உடைக்கும் இயந்திரமும் சேர்ந்துகொள்ளும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும், விசைப்படகுகள் கரையில் கிடப்பதால், எங்கள் ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கிறார்கள். நான் எதைக் கேட்கிறேன் என்பதை என் ரசனை தீர்மானிப்பதாகவே இத்தனை காலம் எண்ணியிருந்தேன். பாதிக்கு மேல் அந்தக் கம்ப்ரசர்தான் தீர்மானித்திருக்கிறது என்பது இந்தத் தடைக்காலத்தில்தான் புலப்பட்டது.

ஹனீபாவை எடுத்துக்கொள். பெயரோடு நாகூர் சேர்ந்திருந்தாலும் 1925-இல் அவர் பிறந்தது நம் ராமநாதபுரத்தில் என்று பெரியகாக்கா மார்தட்டுவாரே, அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. திறந்தவெளிக் கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் சொல் ஒன்றுகூடச் சிதையாமல் போய்ச் சேரும் குரல் அது. ஆலை எவ்வளவு இரைந்தாலும் சரி, அவர் எடுத்த எடுப்பில் வீடு நிறைந்துவிடும். சீர்காழி கோவிந்தராஜனும் அப்படியே. ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரமோ தெருவுக்கும் தேருக்கும் என்றே பிறந்தது. இவர்களை நான் நேசிப்பது பொய்யன்று. ஆனால் எங்கள் வீட்டில் கேட்க முடிந்தவர்கள் இவர்கள் மட்டுமே என்பதும் அந்த நேசத்துக்கு ஒரு காரணம். நம் பிள்ளைப் பருவத்திலும் இதுதான் நடந்தது. இலங்கை வானொலியை நாம் அப்படி விரும்பியதற்கு அறிவிப்பாளர்கள் அப்துல் ஹமீதும் கே.எஸ். ராஜாவும் மட்டும் காரணமில்லை. மத்திய அலை உப்புநீரின் மீது அதிகம் தேயாமல் பயணம் செய்யும் என்பதால், நடுவில் கடல் கிடக்கும் கொழும்பு நமக்கு அவ்வளவு தெளிவாகக் கேட்டது. எது தெளிவாகக் கேட்டதோ அதுவே நம் பாட்டாயிற்று.

ஆலை நின்ற இரண்டாம் நாள் அதிகாலையில், பேரன் என் செல்பேசியில் ஏற்றிக் கொடுத்திருந்த பழைய பதிவுகளிலிருந்து கர்நாடக இசைப் பாடகர் ராம்நாட் கிருஷ்ணனைத் தேடி எடுத்தேன். அன்று முதல் இந்த வீட்டில் காலைகள் அவருடையவை. 1918-இல் பிறந்து 1973-இல் மறைந்தவர். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பாட்டுக் கற்பித்தவர். அங்கே நான்சச் என்ற இசைத்தட்டு நிறுவனம் அவர் பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டு, கர்நாடக இசை என்றால் என்னவென்றே அறியாதவர்களிடம் கொண்டுசேர்த்தது. ராம்நாட் என்று நம் ராமநாதபுரத்தின் பெயர் அந்தத் தட்டின் மூலம் எங்கெல்லாமோ போயிருக்கிறது. அரண்மனை வாசலில் இன்று பத்துப் பிள்ளைகளை நிறுத்திக் கேட்டால் ஒருவருக்கேனும் அவரைத் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகமே. அதை நினைத்தால் மனம் கசக்கிறது.

அவர் குரல் ஓங்கி ஒலிக்கும் குரல் அன்று. அருகில் அமர்ந்திருக்கும் ஒருவரிடம் பேசுவதைப் போன்ற குரல். சவுக்க காலத்தில், அதாவது மிக மெதுவான நடையில், பாடும்போது ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியெல்லாம் அவருக்குப் பாட்டுதான். அந்த வழியில் குரல் மெலிந்து மெலிந்து இழையாகிவிடும். அவர் பாடும் பேகடை ராகத்தைக் கேள். அதன் மத்திமம் (ம) வழக்கமான இடத்தைவிடச் சற்றே உயர்ந்தும், நிஷாதம் (நி) சற்றே தாழ்ந்தும் நிற்க வேண்டும். இந்தச் 'சற்றே' என்பதில்தான் அந்த ராகத்தின் உயிர் இருக்கிறது. சத்தத்துக்கு நடுவில் கேட்பவனுக்கு அந்த இரண்டு ஸ்வரங்களும் வெறும் மத்திமம், வெறும் நிஷாதம். மேலும், கம்ப்ரசரின் முழக்கத்துக்கென்றே ஒரு சுருதி இருக்கிறது, மாப்பிள்ளை. அது தம்புராவின் ஆதார ஸ்வரமான ஷட்ஜத்தோடு சேராமல் அதற்கு அருகிலேயே நின்று உறுத்துவதால், பாடகர் எவ்வளவு சுத்தமாகப் பாடினாலும் கேட்பவன் மனம் அவர் சுருதியில் ஒட்டுவதில்லை. இரைச்சல் பாட்டை மறைக்கிறது என்பதோடு நின்றால்கூடப் பொறுக்கலாம். அது பாட்டைப் பிழையாகவும் காட்டிவிடுகிறது.

பேகடைக்கும் நம் சீமைக்கும் உறவு உண்டு. அந்த ராகத்தில் பெற்ற தேர்ச்சியால் பேகடை சுப்பிரமணிய ஐயர் என்றே அழைக்கப்பட்ட பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் மாணவர்தான் நம் ராமநாதபுரம் பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார். அவருடைய மாணவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். இன்றைய கச்சேரிக்கு வடிவம் கொடுத்தவர் அரியக்குடி என்றால், அந்த வடிவத்தின் ஒரு வேர் நம் சமஸ்தானத்து மண்ணில் இருக்கிறது. முத்தையா பாகவதரிடம் கற்ற இசையாசிரியர் சங்கரசிவம், அவர் தம்பியான மிருதங்க மேதை முருகபூபதி, சங்கரசிவத்திடம் பயின்ற பாடகர் சேஷகோபாலன் என்று இன்னொரு கிளையும் இங்கே ஓடியது. இத்தனை பேரையும் இந்த இரண்டு மாதத்தில் ஒவ்வொருவராகக் கேட்டுவருகிறேன். ஆனால் விடிந்ததும் கை போவது கிருஷ்ணனின் சஹானா ராகத்துக்கும் பேகடைக்கும்தான்.

இதுவரை எழுதியது மகிழ்ச்சி. இனி எழுதுவதை நீ தங்கச்சியிடம் சொல்ல வேண்டாம். அவள் உடனே என் வீட்டுக்காரிக்குப் போன் போட்டு அழுவாள். சென்ற மாதம் மதுரையில் காதைச் சோதித்துப் பார்த்தேன். 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய உச்ச ஒலிகள் இரு காதிலும் குறைந்துவிட்டன. பல ஆண்டுகள் இயந்திரச் சத்தத்தில் இருந்தவர்களுக்கு முதலில் அந்த இடத்தில்தான் தேயும் என்றும், உட்செவியில் அழிந்த நுண்மயிர் அணுக்கள் மீண்டும் முளைப்பதில்லை என்றும் மருத்துவர் விளக்கினார். வயலினின் உச்சியில் இருக்கும் மினுமினுப்பு எனக்கு எட்டாமல் போனதன் காரணம் இப்போது தெரிகிறது. கிருஷ்ணனின் குரல் தாழ்ந்த சுருதியில் நிற்பதால் அது இன்னும் முழுமையாக வந்து சேர்கிறது. நான் அவரைப் பற்றிக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. எனக்கு இதில் அச்சம் உண்டு. அதைவிட, ஆலையில் கம்ப்ரசர் அறையில் எட்டு மணி நேரமும் வெறுங்காதோடு நிற்கும் அந்தச் சின்னப் பையனைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. காதடைப்பான் வாங்கிக் கொடுத்தேன், சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறான். இன்று மாலை அவனை மறுபடியும் உட்கார வைத்துப் பேசப் போகிறேன்.

காதில் மாட்டிக் கேட்கும் கருவி ஒன்றை வாங்கி அனுப்புவதாக மகள் சொல்கிறாள். அதில் இரைச்சலை நீக்கும் வசதி உண்டாம். வேண்டாம் என்றுவிட்டேன். காலையில் மீன் அரிந்துகொண்டே, "இந்த இடத்தை இன்னொரு தடவை வையுங்கள்" என்று சொல்லும் ஓர் ஆள் இந்த வீட்டில் இருக்கும்போது, நான் மட்டும் தனியே கேட்பது எனக்கு ஒப்பவில்லை. கடலோரம் பார்த்த முன்னறையில் கேட்டால் ஆலைச் சத்தம் கொஞ்சம் குறையும். கச்சான் என்னும் மேல்காற்று அடங்கிய பின் கட்டிலை அங்கே மாற்றிப் பார்க்கலாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.

உன் மைத்துனர் வீட்டுப் பரணில் பிருந்தா, முக்தா சகோதரிகள் பாடிய பதங்களின், அந்த மெல்ல நகரும் காதல் பாட்டுகளின், ஒலிநாடா இருப்பதாக முன்பு சொன்னாய் அல்லவா? வீணை தனம்மாள் குடும்பத்துப் பாட்டு. அதுவும் சத்தத்தில் கேட்கக் கூடாதது. அதை வாங்கிக்கொண்டு 12-ஆம் தேதிக்குள் இங்கே வந்துவிடு. இரண்டு காலையும் இரண்டு இரவும் முழுதாகக் கிடைக்கும். 14-ஆம் தேதி பகலிலேயே கம்ப்ரசரை ஓட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். சேது எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்காவிட்டால் பேருந்திலாவது ஏறிவிடு; ராமநாதபுரத்துக்கு நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். கீழக்கரைத் தொதல் இனிப்பு உனக்குத் தனியாக எடுத்து வைக்கப்படும். அந்தப் பழைய வழக்கை இம்முறை யாரும் கிளற மாட்டார்கள் என்பதற்கு நான் பொறுப்பு.

அன்புடன்,
உன் மண்டபத்து மாமன்.